எல்லாமே மஞ்சளாக எரிகிறதா? சுடர்ச் சோதனையைச் சரியாகச் செய்யும் வழி

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் சொல்லி வைத்தாற்போல ஒரே புகாரோடு வருவார்கள். "சார், எந்த உப்பைக் காட்டினாலும் மஞ்சளாத்தான் எரியுது." எந்த உலோகத்தின் உப்பு சுடரில் என்ன நிறம் காட்டும் என்ற அட்டவணை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, தாமிரம் நீலப்பச்சை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கம்பியைச் சுடரில் நீட்டினால் பளீரென்று மஞ்சள், அப்புறம் ஒன்றுமில்லை.

அட்டவணையில் தப்பில்லை. தப்பு கம்பியில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது, விரலில் இருக்கிறது, எங்கள் தண்டையார்பேட்டையைப் பொறுத்தவரை காற்றிலேயே இருக்கிறது. சுடர்ச் சோதனையில் பாதி வேலை சோடியத்தை ஒதுக்குவது. மீதிப் பாதி, எந்த நொடியில் எந்த நிறம் வந்தது என்று பார்ப்பது. இந்த இரண்டையும் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சோடியம் ஏன் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்றால், அதன் ஒளி விழும் இடம் அப்படி. சோடியத்தின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 589 நானோமீட்டர். நம் கண் பகல் வெளிச்சத்தில் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட அண்டை வீடு. அதனால் துளி சோடியம் இருந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். துளி என்றால் எவ்வளவு துளி? 1860 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் பன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் ஒரு காரியம் செய்தார்கள். சுமார் 60 கன மீட்டர் கொண்ட அறையின் ஒரு மூலையில் வெறும் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு கலந்து வெடிக்க வைத்துவிட்டு, தூரத்தில் எரிந்துகொண்டிருந்த சுடரை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் சோடியத்தின் மஞ்சள் கோடு பளிச்சென்று வந்துவிட்டது. வீட்டுக்குள் பறக்கும் தூசியே போதும் என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அது கடலே இல்லாத ஊர். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே புரியும், காற்றில் எவ்வளவு உப்பு வருகிறது என்று. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஆரம்பித்து, சமையலறை ஜன்னலும் திறந்திருந்தால், கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் அவ்வப்போது ஆரஞ்சுப் பொறிகள் ஓடும். அதனால் காலை நேரத்தில், காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும்போது செய்யுங்கள். போர் தண்ணீரைக் கிட்டே சேர்க்காதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, நம் பக்கத்து போர் தண்ணீர் பலதும் வாயில் வைத்தாலே கரிக்கும்.

சுடரில் என்னதான் நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோகம் எரிவதில்லை. உப்பு ஆவியாகி, அதிலிருக்கும் அணுவின் எலக்ட்ரான் சூட்டில் மேல்படிக்கு ஏறி, கீழே இறங்கும்போது வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கொடுத்துவிடுகிறது. படிகளின் உயரம் ஒவ்வொரு உலோகத்துக்கும் வேறு வேறு, அதனால் நிறமும் வேறு. சோடியம், பொட்டாசியம், லித்தியத்துக்கு இந்த விளக்கம் போதும். கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், தாமிரம் இவற்றில் நாம் பார்க்கும் நிறத்தின் பெரும்பகுதி தனி அணுவிலிருந்து வருவதில்லை, சுடருக்குள் உருவாகும் குளோரைடு, ஹைட்ராக்சைடு மூலக்கூறுகளிலிருந்து வருகிறது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உப்பு ஆவியானால்தான் நிறம். குளோரைடுகள் சுலபமாக ஆவியாகும், சல்பேட்டும் கார்பனேட்டும் ஆகாது. ஆய்வகத்தில் ஒரு துளி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பசையாகக் குழைக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல, இதற்காகத்தான்.

சுடரும் கம்பியும்

சுடர் நீலமாக, கரி படியாமல் எரிய வேண்டும். பள்ளியில் பன்சன் அடுப்பின் காற்றுத் துளையை முழுக்கத் திறந்துவிடுங்கள். வீட்டில் கேஸ் ஸ்டவ்வின் சின்ன பர்னர் போதும், ஆனால் பர்னரைக் கழற்றி நன்றாகக் கழுவி, கடைசியாக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்திருக்க வேண்டும். பொங்கி வழிந்த சாம்பாரும் பாலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பர்னர் தானாகவே மஞ்சள் காட்டும். மெழுகுவர்த்தியும் அகல் விளக்கும் உதவாது. அந்த மஞ்சள் சோடியமும் இல்லை, கரித்துகள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வது. ராத்திரியில் மணலி பக்கம் போனால் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் தெரியும் ஆரஞ்சுத் தீயும் அதே ரகம்தான், அதைப் பார்த்துவிட்டு ஏதோ உலோகம் எரிகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கம்பிக்கு நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) வேண்டும். பிளாட்டினம் இன்னும் நல்லது, அதன் விலையைக் கேட்டால் யாரும் சுடரில் நீட்ட மாட்டார்கள். பழைய எலக்ட்ரிக் அடுப்பில் இருக்கும் சுருள் காயில்தான் உங்களுக்கு வேண்டியது, ரிப்பேர் கடையில் அறுந்துபோன துண்டு கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சுருளை இழுத்து நேராக்கி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியை பேனா ரீஃபிலின் மேல் ஒரு சுற்று சுற்றினால் சின்ன வளையம் கிடைக்கும். மறுமுனையை மரத்தாலான துணி கிளிப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், கை சுடாது. செம்புக் கம்பி வேண்டவே வேண்டாம், பச்சை காட்டிக் குழப்பும். ஜிஐ கம்பியின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். கட்டுக்கம்பி பொறி பறக்கும். பல பள்ளிகளில் கண்ணாடித் தண்டின் நுனியில் பசையைத் தொட்டுக் காட்டச் சொல்கிறார்கள். கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது, தண்டு சூடேறி இளக ஆரம்பித்தால் அதுவே மஞ்சள் விடும். தண்டுதான் கையில் இருக்கிறது என்றால், முதல் இரண்டு மூன்று நொடியில் வரும் நிறத்தை மட்டும் நம்புங்கள், அதற்குமேல் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

கம்பியைச் சுத்தம் செய்வதில்தான் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். ஆய்வகத்தில் என்றால் ஒரு சின்ன சோதனைக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், வீட்டில் என்றால் நிறமில்லாத வினிகர். முக்கு, சுடரில் காட்டு, மஞ்சள் அடங்கும் வரை பிடி, மறுபடி முக்கு. வினிகருக்கு அமிலத்தின் வீரியம் கிடையாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கம்பி சிவந்து ஒளிரும்போதும் அதைச் சுற்றிய சுடரில் எந்த நிறமும் சேரவில்லை என்றால்தான் கம்பி தயார். அதற்குப்பிறகு நுனியை விரலால் தொட்டால் போச்சு, வியர்வை உப்பு ஏறிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அலசுவதற்கும் கரைப்பதற்கும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கிண்ணம், தாமிரத்துக்குத் தனிக் கம்பி. தாமிரம் ஒருமுறை ஏறிவிட்டால் லேசில் போகாது.

அறையை இருட்டாக்கி, சுடருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி ஒரு கறுப்பு சார்ட் அட்டையை நிற்கவையுங்கள். பார்க்கும்போது கம்பியைப் பார்க்காதீர்கள். சூடான கம்பி எப்போதும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். கம்பிக்கு மேலே, சுடர் நிறம் மாறி எழும்பும் இடத்தைப் பாருங்கள். கம்பியை நடுவில் இருக்கும் வெளிர்நீலக் கூம்புக்குள் நுழைக்காமல், அந்தக் கூம்பின் உச்சிக்குச் சற்று மேலே, ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள்.

ராசப்ப செட்டித் தெருவில் வாங்க வேண்டியவை

பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டில் செய்து பார்க்க வேண்டிய உப்புகளில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்: வெண்காரம் (போராக்ஸ்), மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), நவச்சாரம். வெண்காரம் கேட்டால் "கொழந்தைக்கு வாய்ப்புண்ணாபா?" என்பார் கடைக்காரர். மயில்துத்தம் கேட்டால் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். அது நியாயமும்கூட, மயில்துத்தம் விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பளபளக்கும் அந்த நீலக் கட்டியைப் பூட்டி வையுங்கள்.

முதலில் கல் உப்பைக் காட்டுங்கள். தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். சோடியத்தின் மஞ்சள் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் விடாமல் நிற்கும் என்பதைக் கண்ணில் ஏற்றிக்கொண்டால்தான் பிறகு வரும் பொருட்களில் அது அசலா அழுக்கா என்று பிரிக்க முடியும். அசல் சோடியம் உப்பு பொசுபொசுவென்று சுடர் முழுக்க மஞ்சளாக்கி, நிறைய நேரம் அப்படியே நிற்கும். அழுக்காக ஒட்டியிருக்கும் சோடியம் ஒரு வீச்சு வீசிவிட்டு மங்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

அடுத்தது பொட்டாசியம். இதற்கு வண்ணாரப்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியேறிய பேட்டை அது. சலவைக்கு நம் ஊர்களில் பயன்பட்ட காரம் இரண்டு வகை, ஒன்று உவர்மண், இன்னொன்று சாம்பல். கையில் தொட்டால் இரண்டும் வழவழவென்று இருக்கும், இரண்டும் அழுக்கை எடுக்கும், ஆனால் சுடரில் இரண்டும் வேறு. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். சாம்பலில், அதுவும் வாழைமட்டைச் சாம்பலில், இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். ஜெர்மானிய வேதியியலாளர் மார்கிராஃப் 1758 இல் சோடாவும் பொட்டாஷும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டியபோது கையில் எடுத்த சோதனைகளில் சுடரின் நிறமும் ஒன்று.

காய்ந்த வாழைமட்டையை மொட்டை மாடியில் ஒரு பழைய சட்டியில் போட்டு வெள்ளைச் சாம்பலாகும் வரை எரியுங்கள். சாம்பலை டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அதைத் தொட்டுக் காட்டுங்கள். அவ்வளவு மெனக்கெட முடியாது என்பவர்கள் உரக்கடையில் கால் கிலோ பொட்டாஷ் வாங்கிக்கொள்ளலாம், அதில் கொஞ்சம் சோடியமும் கலந்தே வரும். எதைக் காட்டினாலும் முதலில் மஞ்சள்தான் எழும்பும். அதோடு முடிந்தது என்று கம்பியை எடுத்துவிடாதீர்கள். மஞ்சள் தணியும் நேரத்தில் சுடரின் விளிம்பில், மேலே, கத்திரிப்பூ நிறத்தில் மெல்லியதாக ஒன்று தெரியும். அது பொட்டாசியம்.

அது மெல்லியதாக இருப்பதற்கும் கண்தான் காரணம். பொட்டாசியத்தின் ஒளி 766, 770 நானோமீட்டரில் கருஞ்சிவப்பாகவும், 404 இல் ஊதாவாகவும் வருகிறது. அதாவது நம் பார்வையின் இரண்டு கோடிகளில். நடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் சோடியத்தோடு எப்படிப் போட்டி போடும்? இதற்குத்தான் கோபால்ட் நீலக் கண்ணாடி. அது மஞ்சளை முழுங்கிவிட்டு, இரண்டு கோடிகளையும் உள்ளே விடும். அந்தக் கண்ணாடி வழியே பொட்டாசியச் சுடர் குங்குமச் சிவப்பாகத் தெரியும், சோடியம் காணாமல் போகும். பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கண்ணாடி அறுக்கும் கடையில் அடர்நீலத் துண்டு ஒன்று வாங்கலாம், ஆனால் எல்லா நீலமும் கோபால்ட் அல்ல. கல் உப்புச் சுடரை அதன் வழியே பாருங்கள். மஞ்சள் மறைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மறையாவிட்டால் அது ஜன்னலுக்குத்தான் ஆகும்.

கால்சியத்துக்குக் கடற்கரைக் கிளிஞ்சல் போதும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, இடித்து, வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். ஒரு ராத்திரி வைத்துத் தெளிவை எடுத்துச் சுண்டவைத்துக் காட்டினால் மஞ்சள் போன பிறகு ஆரஞ்சு கலந்த சிவப்பு, விட்டுவிட்டுப் பொறிபோல வரும். பாடப்புத்தகம் செங்கல் சிவப்பு என்கிறது, என்னைக் கேட்டால் அது சூளையிலிருந்து இறக்கிய செங்கல் இல்லை, இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு. நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் கால்சியம் இளம்பச்சையாகத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

தாமிரம்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மயில்துத்தத்தை வெறுமனே காட்டினால் பச்சை. அதே மயில்துத்தக் கரைசலில் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைக் கலந்து காட்டினால் சுடரின் நடுவில் ஆகாய நீலமும் ஓரத்தில் பச்சையும் வரும். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. அது குளோரைடைக் கொடுக்கும், கூடவே வேறு உலோகம் எதையும் கொண்டுவராது. தாமிரக் குளோரைடு மூலக்கூறு சுடரில் தாக்குப்பிடிக்கும் இடத்தில் நீலம், அது உடைந்து ஹைட்ராக்சைடாகும் ஓரத்தில் பச்சை. நீலப்பச்சை என்று அட்டவணை ஒரே சொல்லில் முடித்துவிடுவது உண்மையில் இந்த இரண்டு நிறங்களைத்தான். குளோரைடுதானே வேண்டும் என்று கல் உப்பைப் போடாதீர்கள், ஏன் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். நவச்சாரம் சூடானால் வெள்ளைப் புகை வரும், தொண்டையைப் பிடிக்கும். சிட்டிகைக்கு மேல் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், உப்புக் காற்று வந்தாலும் பரவாயில்லை.

கேரம் பவுடர்

இன்னொரு பச்சை இருக்கிறது, அதற்கு வட சென்னையில் தெருவுக்குத் தெரு பொருள் கிடைக்கும். கேரம் போர்டு எங்கள் பக்கத்தில் வெறும் பொழுதுபோக்கு இல்லை. உலக சாம்பியன் இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமாவும் வட சென்னைதான். போர்டில் காய் வழுக்கிக்கொண்டு ஓடத் தூவும் பவுடரில் காலங்காலமாக இருந்தது போரிக் அமிலம், இப்போது மாவுச்சத்தில் செய்த பவுடரும் விற்கிறார்கள். டப்பாவைப் பார்த்தால் பல நேரம் எது என்று தெரியாது.

சுத்தமான கம்பியை நனைத்து, பவுடரைத் தொட்டு, சுடரில் காட்டுங்கள். போரிக் அமிலம் என்றால் பளிச்சென்ற இளம்பச்சை, சுடரின் விளிம்பு முழுக்க. மாவு என்றால் கருகி, அப்பளம் தீய்ந்த வாசனை வரும், பச்சை வராது. போரிக் அமிலத்தில் இருக்கும் போரான் உலோகம் இல்லை, அதனால் உலோகங்களைப் பற்றிய இந்தப் பேச்சுக்குள் அடங்காது, ஆனாலும் இதை விட மனசில்லை. தாமிரத்தின் பச்சையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நவச்சாரம் சேர்த்தால் தாமிரம் நீலத்துக்குப் போகும், போரான் எங்கேயும் போகாது, பச்சையிலேயே நிற்கும். வெண்காரத்திலும் போரான் உண்டு, கூடவே சோடியமும் உண்டு என்பதால் பச்சையைப் பெரும்பாலும் மஞ்சள் அமுக்கிவிடும். போரிக் அமிலப் பவுடரைத் தொட்ட கையைச் சாப்பிடும் முன் கழுவுங்கள், வாய்க்குள் போகக் கூடாத பொருள்.

ஆய்வகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியவை

ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ஈயம், லித்தியம் இவற்றை வீட்டில் தேடிப்போக வேண்டாம். பழைய செல்போன் பேட்டரியை உடைத்து லித்தியம் எடுக்கலாம் என்று ஒரு பையன் கிளம்பினான், நல்ல வேளை கேட்டுவிட்டுக் கிளம்பினான். கலர் மத்தாப்பைப் பிரித்து எடுப்பதும் அதே பைத்தியக்காரத்தனம். பேரியத்தின் கரையும் உப்புகள் விஷம், பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018 இல் தடை செய்ததற்குக் காற்று மாசுதான் காரணம்.

ஆய்வகத்தில் மூன்று சிவப்புகள் குழப்பும். லித்தியம் 671 நானோமீட்டரில் சுத்தமான கருஞ்சிவப்பு, சட்டென்று வந்து சட்டென்று போகும். ஸ்ட்ரான்ஷியம் அதைப்போலவே அடர்சிவப்பு, ஆனால் தாமதமாக வந்து நின்று எரியும். கால்சியம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். சந்தேகம் வந்தால் நீலக் கண்ணாடி: ஸ்ட்ரான்ஷியம் ஊதாவாகவும், கால்சியம் இளம்பச்சையாகவும் தெரியும். பேரியம் எல்லாவற்றையும்விடச் சோம்பேறி. கம்பியில் ஒட்டிய உப்பை அமிலத்தில் மறுபடி மறுபடி நனைத்து, சூட்டின் உச்சியில் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மஞ்சள் கலந்த பச்சை மெதுவாக எட்டிப் பார்க்கும். தேர்வில் பேரியத்தைத் தவறவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் பொறுமை இல்லாமல்தான் தவறவிடுகிறார்கள். ஈயம் வெளிறிய நீலவெள்ளை, அதை நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது, அடுத்த சோதனைகள் எதற்கு இருக்கின்றன? மெக்னீசியம், அலுமினியம் உப்புகள் சுடரில் எதுவும் காட்டாது, ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரு விடைதான், தைரியமாக எழுதலாம்.

கலவை என்றால் நேரத்தைக் கவனியுங்கள். சுலபமாக ஆவியாகும் சோடியமும் பொட்டாசியமும் முதலில் கிளம்பும், கால்சியம் பிறகு, ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும் கடைசி. ஒரே கம்பியில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று வரிசையாக வந்தால் குழம்ப வேண்டாம், ஒவ்வொன்றாக இறங்குகின்றன, அவ்வளவுதான்.

நிறத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு டிவிடி

கண்ணை முழுக்க நம்புவதற்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்ட வேண்டும் என்றால் பர்மா பஜாரில் ஒரு காலத்தில் குவித்து வைத்து விற்ற டிவிடி ஒன்று வீட்டில் எங்காவது கிடக்கும், எடுங்கள். அதன் தடங்களுக்கு இடையே 740 நானோமீட்டர்தான் தூரம், சிடியில் 1600. தடம் நெருங்க நெருங்க ஒளி நன்றாக விரியும், அதனால் டிவிடியே மேல். இரண்டு தகடாக ஒட்டியிருப்பதை ஓரத்தில் கத்தி வைத்துப் பிரித்து, வெள்ளிப் பூச்சை செல்லோ டேப்பால் ஒட்டி உரித்துவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் தகடு கிடைக்கும். ஒரு செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் சவர பிளேடு இரண்டை மயிரிழை இடைவெளியில் ஒட்டிப் பிளவு செய்யுங்கள், எதிர்ப் பக்கத்தில் கண் வைக்கும் ஓட்டையில் இந்தத் தகட்டை ஒட்டுங்கள். தடங்களின் வளைவு பிளவுக்கு இணையாக இருக்கட்டும். பெட்டிக்குள் வேறு வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப்.

மெழுகுவர்த்தியைப் பாருங்கள், முழு வானவில் விரியும். கல் உப்புச் சுடரைப் பாருங்கள், மஞ்சளில் ஒரே ஒரு கோடு. கண்ணுக்கு இரண்டும் மஞ்சள்தான், பெட்டிக்குள் பார்த்தால் சம்பந்தமே இல்லை. பன்சனும் கிர்க்காஃபும் இதே வேலையைப் பட்டகத்தை வைத்துச் செய்துதான் 1860 இல் சீசியத்தையும் 1861 இல் ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள். சீசியத்தைப் பிரித்தெடுக்க அவர்கள் காய்ச்சிய ஊற்று நீர் 40 டன்னுக்கு மேல். நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வு நிலையத்தின் போக்சனும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். போக்சன் குறித்துவைத்த கோடுகளில் சோடியத்தின் இடத்துக்கு ஒட்டினாற்போல ஒரு மஞ்சள் கோடும் இருந்தது. பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்றது அதுதான். அங்கேயும் சோடியம் குறுக்கே வந்து நின்று குழப்பியிருக்கிறது பாருங்கள்.

நகை, காயலான் கடை

அடிக்கடி வரும் கேள்வி: "சார், இதை வச்சு இது தங்கமா, பித்தளையான்னு பார்க்கலாமா?" முடியாது. உப்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தச் சோதனை. கட்டி உலோகம் கேஸ் சுடரில் அவ்வளவாக ஆவியாகாது. தங்கம், வெள்ளி, இரும்பு, அலுமினியம் எதுவும் பார்த்துச் சொல்லும்படி சுடருக்கு நிறம் கொடுக்காது. தங்கத்துக்கு உரைகல் இருக்கிறது, ஹால்மார்க் இருக்கிறது. தங்கசாலை, சௌகார்பேட்டைப் பக்கம் பத்தர் பற்றவைக்கும்போது சுடரின் ஓரம் பச்சையாவதைப் பார்த்துவிட்டு "செம்பு கலந்திருக்கு" என்று பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தடவிய வெண்காரத்தின் போரானும் அந்தப் பச்சையைக் கொடுக்கும், அதை வைத்து நகையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. பழைய கேடிஎம் நகையைச் சூடு காட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். அதன் பற்றவைப்பில் காட்மியம் இருக்கும், 767 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

காயலான் கடைக்குப் போடச் செம்பு எடுப்பதற்காக ஒயரைக் கொளுத்தும்போது பச்சை நீலமாக எரிவதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அழகாகத்தான் இருக்கும். ஒயரின் மேலிருக்கும் பிவிசியில் உள்ள குளோரின் செம்போடு சேர்ந்து தாமிரக் குளோரைடாகிச் சுடருக்கு வருகிறது, மேலே நவச்சாரத்தை வைத்து நாம் செய்ததுதான். 1872 இல் வேதியியலாளர் பெயில்ஸ்டைன் இதையே திருப்பிப் போட்டு, செம்புக் கம்பியில் ஒரு பொருளைத் தொட்டுச் சுடரில் காட்டி, பச்சை வந்தால் அதில் குளோரின் போன்ற ஹாலஜன் இருக்கிறது என்று சொல்லும் சோதனையாக்கினார். ஆனால் ஒயர் எரியும் அந்தப் புகையில் டயாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பச்சைத் தீயைக் கண்டால் படம் எடுக்க நெருங்காமல் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நடையைக் கட்டுங்கள்.

கடைசியாக ஒரு கண்டிப்பு. இணையத்தில் கிண்ணங்களில் மெத்தனாலையோ ஸ்பிரிட்டையோ ஊற்றி, உப்பைப் போட்டுக் கொளுத்தி, வானவில் வரிசையாக எரியவைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அதைச் செய்யாதீர்கள். சுடர் தணிந்ததுபோலத் தெரிந்து, கேனிலிருந்து மறுபடி ஊற்றும்போது தீ கேனுக்குள் பாய்ந்து, எதிரே நிற்பவர் மேல் பீய்ச்சி அடிக்கும். அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளிலேயே இதே விளையாட்டில் மாணவர்கள் மோசமாக வெந்திருக்கிறார்கள். கம்பியும் ஒரு துளிக் கரைசலும் அதே நிறத்தைக் காட்டும்போது அரை லிட்டர் தீ எதற்கு?

முடித்ததும் கிண்ணங்களைச் சமையல் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவாதீர்கள். மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம், தாமிரம் மீனுக்கு விஷம், நம் பக்கத்து வாய்க்கால் எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்கும் கொசஸ்தலைக்கும்தான் போகிறது. மூடாத தட்டில் வெயிலில் வைத்தால் தண்ணீர் வற்றி நீலப் படிகம் திரும்பக் கிடைக்கும், அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கு ஆகும். பர்னரை ஒருமுறை கழுவி மாட்டிவிட்டுச் சமையலை ஆரம்பிக்கலாம்.